முழங்கையைத் தாங்கிய கை

கண்ணு,

திங்கட்கிழமை உன்னைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். உன் அம்மா உன் பெட்டியை அடுக்குவதும் பிரிப்பதும் மறுபடி அடுக்குவதுமாக இருக்கிறாள். எனக்கு அதில் ஒரு வேலையும் தரவில்லை. நான் ஒரு துண்டை எடுத்து நீட்டினால்கூட வாங்காமல், தானே எழுந்துபோய் வேறு துண்டு எடுத்து வருகிறாள். அவள் கோபம் நியாயமானது. ஏன் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து எழுதப்போகிறேன். நேரில் சொல்ல உட்கார்ந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். அந்த வித்தையில் நான் கெட்டிக்காரன். காகிதத்தில் அது அவ்வளவு சுலபமாக நடக்காது என்று நினைக்கிறேன்.

நீ போவது சாதாரண வேலைக்கு இல்லை. வாய்ப்பேச்சு வராத பிள்ளைகளுக்கு, மடியில் ஒரு பலகையை வைத்து, படத்தையும் எழுத்தையும் சுட்டிக்காட்டிப் பேசச் சொல்லித்தரும் வேலை. பிறந்ததிலிருந்து ஒரு சொல்லும் வாயால் பேசாத நீ அந்தப் பிள்ளைகளுக்கு வாத்தியார். தெருவில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் நான் கதை விடுகிறேன் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. உன்னிடம் பிள்ளைகள் மட்டும் வரமாட்டார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு அப்பன்களும் அம்மாக்களும் வருவார்கள். அதில் என்னைப் போல ஒருவன் கட்டாயம் இருப்பான். அவனை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று உன்னைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டாமல் தருகிறேன். வேண்டுமானால் அவர்கள் கையிலேயே கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்.

என் வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷிப்ட் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வருகிறவர்கள் உண்டு. கேள்வியையும் நானே கேட்டுப் பதிலையும் நானே சொல்லிவிடுகிறேனாம். யாராவது பேச ஆரம்பித்து ஒரு நொடி தயங்கினால் போதும், மிச்சத்தை நான் முடித்து வைத்துவிடுவேன், பெரும்பாலும் தப்பாக. இப்படிப்பட்டவனுக்கு, ஒரு பதில் சொல்வதற்குள் மற்றவர்கள் காபி குடித்து முடித்துவிடுகிற பிள்ளையாக நீ வந்து பிறந்தாய். என் வேலையும் இந்தக் குணத்துக்கு ஏற்றதாகவே அமைந்தது. கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க கேஜ் என்று ஒரு கருவி. அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. அவ்வளவுதான். சரி என்றால் இந்தப் பெட்டி, இல்லையென்றால் ஒரு சொட்டு சிவப்புப் பெயிண்ட் வைத்து அந்தப் பெட்டி. துளை எவ்வளவு பெரியது என்று அது சொல்லாது. வீட்டிலும் உன்னிடம் அப்படித்தான் கேட்டேன். பசிக்குதா இல்லையா, வலிக்குதா இல்லையா. நீ கண்ணை மூடித் திறந்தால் ஆமாம், தலையைத் திருப்பினால் இல்லை. உனக்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் கேள்விகளால் ஒருநாளும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு அவசரமும் இல்லை.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்காக ஓசூர் வந்து, நாம் அப்போது ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் குடும்பம் தெலுங்கு பேசுகிறவர்கள். நான் வேலைக்குப் போனபின் உன்னை அவர்கள் வாசல் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அம்மா வேலை பார்ப்பாள். அந்த வீட்டு மருமகள்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். நான் வந்து பார்க்கும்போது, அவர்கள் சிரிக்கிற இடத்தில் நீயும் சிரித்துக்கொண்டிருப்பாய். பிள்ளை சும்மா சிரிக்கிறான் என்று நினைத்தேன். எனக்குத் தெலுங்கு வராது. கட்டிலில் கிடக்கிற உனக்கு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாலையில் அம்மா உன்னைச் சிமெண்டுத் தரையில் இறக்கிவிடுவாள். அவள் ஏழாவதோடு நின்றவள். சாக்பீஸால் தரை முழுக்க எழுத்து எழுதி, "அ எங்க இருக்கு கண்ணு, ம எங்க இருக்கு" என்று கேட்பாள். நீ உருண்டுபோய் அதன்மேல் படுத்துக்கொள்வாய். உன் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளாக இருக்கும். துவைப்பதும் அவள்தான். அப்படியும் ஒருநாள் விட்டதில்லை.

பெங்களூரில் உன் கைகாலுக்குப் பயிற்சி கொடுத்த மேடம்தான் உனக்குப் பலகை வேண்டும் என்று முதலில் சொன்னார். அவர் கன்னடக்காரர். பாதித் தமிழ், பாதிக் கன்னடத்தில் பேசுவார். கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு அலுமினியத் தகடு வாங்கி, விளிம்பை மடித்து, கட்டம் போட்டு, படங்களை ஒட்டி நானே செய்தேன். இடது மேல் மூலையில் அம்மா, அதை அடுத்து அப்பா. அப்புறம் தண்ணி, சோறு, பஸ், சூரியன், மாடு, புத்தகம், இன்னும் சில. "வேண்டாம்" என்பதற்கு ஒரு கட்டம் கட்டாயம் வைக்கச் சொல்லியிருந்தார். நான் வைக்கவில்லை. ஏற்கனவே பிடிவாதக்காரன், அதற்கு ஒரு கட்டம் வேறு கொடுத்தால் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டேன். வேடிக்கை எனக்கு. நான் கேட்காமலே வைக்கிற சோறு உனக்கு வேண்டாமென்றால் தட்டைத் தட்டிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. தட்டிவிட்டால் திட்டுவேன். கண்ணு, நீ செய்கிற ஒவ்வொரு பலகையிலும் முதலில் அந்தக் கட்டத்தை வை. வேண்டாம் என்று சொல்ல முடியாத பிள்ளை சரி என்று சொன்னாலும் அதற்கு அர்த்தம் இல்லை.

சானமாவுக் காட்டுப் பக்கம் பஸ்ஸில் போனபோது யானைக்காக வண்டி நின்றது ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் இடதுபக்க ஜன்னலுக்கு ஓடினார்கள். நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே ஒன்றும் இல்லை. நீ பலகையில் மாட்டைத் தொட்டாய். மறுபடி மாட்டைத் தொட்டாய். "மாடு கெடக்குது விடுடா, யானையப் பாரு" என்று உன் தலையைத் திருப்பினேன். நீ கத்திக் கையை உதறிப் பலகையையே கீழே தள்ளினாய். அதற்குள் வலதுபக்கம் சாலையோரப் புதருக்குள் குட்டியோடு நின்றிருந்த யானைகள் உள்ளே போய்விட்டன. நான் திரும்பியபோது குட்டியின் வால்தான் தெரிந்தது. பஸ்ஸில் அவற்றை முழுசாகப் பார்த்தது நீ மட்டும்தான். உன் பலகையில் யானை இல்லை. இருந்ததிலேயே யானைக்குக் கிட்டத்தட்ட வருவது மாடு. ஓசூரில் குடியிருந்துகொண்டு பிள்ளையின் பலகையில் யானைக்கு ஒரு கட்டம் வைக்காத அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு பிள்ளை சம்பந்தமில்லாத படத்தைத் தொட்டால் அதற்குப் புரியவில்லை என்று முடிவு கட்டாதே. சரியான படத்தை நாம் ஒட்டவில்லையோ என்று பார்.

உன் கை ஆடும் என்பதால் முழங்கைக்கு அடியில் என் கையை வைத்துக்கொள்ள மேடம் சொல்லிக்கொடுத்தார். நான் வைத்த விதத்தைப் பார்த்த உடனே என் கையை எடுத்துவிட்டு, "ஹிடிரி சார், தள்ளபேடி" என்றார். பிடியுங்கள், தள்ளாதீர்கள் என்று அர்த்தம். நான் தள்ளவில்லை என்று சொன்னேன். தள்ளுகிறவனுக்குத் தான் தள்ளுவது தெரியாது என்றார். அதை அன்று நான் நம்பவில்லை. நீ தண்ணீரைத் தொடப் போகிறாய் என்று எனக்குத் தெரியும்போது, ஆடி ஆடிப் போகிற கையை ஒரு விரல்கடை நகர்த்திவிட்டால் என்ன குறைந்துவிடப்போகிறது? நேரம் மிச்சம். ஷிப்டுக்குப் போக வேண்டும். அப்படி ஆரம்பித்ததுதான் எல்லாம்.

உனக்கு எட்டு வயதானபோது அம்மா உன்னைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றாள். நடந்துபோகிற தூரத்தில் ஒரு பள்ளி. பெரிய டீச்சரிடம் நான் போய்ப் பேசியபோது, "பையனக் கூட்டிட்டு வாங்க, அவனே பதில் சொல்றானான்னு பார்க்கறேன்" என்றார். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றியில் திருநீறு பூசி, அவள்தான் தயார் செய்து அனுப்பினாள். டீச்சர் அறைக்குள் நாம் நுழைந்தபோது அவர் ஆயாவிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆயா சிரித்தாள். நீயும் சிரித்தாய். நான் என்னவென்று புரியாமல் நின்றேன். அதை அவர் பார்த்துக்கொண்டார்.

எதைக் குடிப்போம், வானத்தில் இருப்பது எது என்று தமிழில் சில கேள்விகள் கேட்டார். நீ பதில் சொன்னாய். நீதான் சொன்னாயா, என் கை சொன்னதா என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்குப் படபடப்பு. நீ மெதுவாகப் போகப் போக அந்த அம்மாள் பொறுமையிழந்துவிடுவாரோ என்று பயம். அப்புறம் உன் கண்ணைப் பார்த்து நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். தெலுங்கில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் முகம் மலர்ந்தது. உன் முஷ்டி எழுந்து இடது மேல் மூலைப் பக்கம் போனது. கை வழுக்கிப் போகிறது, பதில் தப்பாகப் போகிறது என்று எனக்குள் ஒரு பதற்றம். பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள் என்று நானே முடிவு செய்து, உன் முழங்கையைத் தூக்கிப் புத்தகப் படத்தின்மேல் கொண்டுபோய் வைத்தேன். நீ எதிர்த்தாய். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அழுத்தினேன்.

டீச்சர் கோபப்படவில்லை. "சார், கடைசிக் கேள்வியத் தெலுங்குல கேட்டேன். உங்களுக்குத் தெலுங்கு வராது, பையனுக்கு வருது. அவன் கை ஒரு பக்கம் போச்சு, உங்க கை வேற பக்கம் கொண்டுபோச்சு" என்றார். பிறகு, மறுநாள் உன்னை உன் அம்மாவோடு அனுப்பச் சொன்னார். நான் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டுமாம். "அவனச் சேர்த்துக்கணும்னுதான் எனக்கும் ஆசை" என்றும் சொன்னார். இதைவிட நல்ல வார்த்தை ஒரு பள்ளியில் யார் சொல்லப்போகிறார்கள்? எனக்கோ முகத்தில் அடித்தாற்போல இருந்தது. நாளெல்லாம் மற்றவர்கள் செய்த வேலையைச் சரி, தப்பு என்று பிரித்துப் போடுகிறவன் நான். என் வேலையை ஒருவர் எடுத்துப் பார்த்துச் சிவப்புப் பெயிண்ட் வைத்துவிட்டார். பேச்சு வராத பிள்ளையைக் கூட்டி வந்தவனைத் திருடனைப் போல நடத்துகிறீர்களே என்று கத்திவிட்டு உன்னை வாரித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் நீ என் தோளில் முகத்தை இடித்துக்கொண்டே வந்தாய்.

அம்மா காய்ச்சலோடு எழுந்து கேசரிக்கு ரவை வறுத்து வைத்திருந்தாள். "என்ன சொன்னாங்க?" என்றாள். உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. "ஒண்ணுக்கும் பதில் சொல்லல. இவனுக்குப் புரியலையாம். சேர்க்க முடியாதுன்னுட்டாங்க" என்றேன். இதைச் சொல்லும்போது நீ அவள் மடியில் இருந்தாய். பலகை உன் மடியில் இருந்தது. நீ அதன்மேல் கையை இங்கும் அங்கும் கொண்டுபோனாய். அதில் பள்ளிக்கூடத்துக்குப் படம் இல்லை. டீச்சர் இல்லை. நாளை இல்லை. பொய் இல்லை. கடைசியில் அப்பா படத்தைத் தொட்டாய். மறுபடியும் அதையே குத்தினாய். அம்மா உன் தலையைத் தடவி, "அப்பா மேல கோபப்படாத கண்ணு, அவரு என்ன பண்ணுவாரு" என்றாள். அந்தப் பலகையில் என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு படமும் இல்லை. படங்களைப் பொறுக்கி ஒட்டியவன் நான்.

கேசரி அன்று கிளறவில்லை. "தப்பு எம்மேலதான். எனக்கே ஒழுங்காத் தெரியாது, நான் என்னத்தச் சொல்லிக் குடுத்திருப்பேன்" என்று சொல்லி, தரையில் இருந்த எழுத்தையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தாள். அப்புறம் அவள் சாக்பீஸைத் தொடவே இல்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் போனபின் இனி எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். கடைவீதிக்குப் போனால் அந்தப் பள்ளி இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு உங்கள் இருவரையும் கூட்டிப்போவேன். டீச்சர் எதிரே வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் என் கதை முடிந்தது. கொஞ்ச நாளில் அவர் மாற்றலாகிக் கிருஷ்ணகிரி போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் பள்ளிக்கூடம் உன்னை விட்டுப் போனதில் உன் அப்பனுக்கு நிம்மதி. இதைவிடக் கேவலம் என் வாழ்க்கையில் வேறில்லை.

நீ அன்றிலிருந்து என்னிடம் பலகையில் பேசுவதை நிறுத்தினாய். நான் அதை மடியில் வைத்தால் முஷ்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொள்வாய். நான் ஒட்டாத "வேண்டாம்" உன் முஷ்டியில் இருந்தது. பெங்களூர் மேடம் உன்னைப் பார்த்துவிட்டு, படம் போதவில்லை, எழுத்துப் பலகை போடலாம் என்றார். எழுத்து இருந்தால் அவன் நினைத்ததையெல்லாம் சொல்லலாம் என்றார். நினைத்ததையெல்லாம் என்றால் அன்று நடந்ததையும்தான். "அதெல்லாம் அவனுக்கு ஏறாது மேடம்" என்றேன். வீட்டில் அம்மாவிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஓவர்டைம், லீவு கிடைக்கவில்லை என்று சப்பைக்கட்டுக் கட்டிப் பெங்களூர் போவதையும் நிறுத்தினேன். நீ படிக்க வேண்டிய வயதெல்லாம் அப்படியே கடந்தது. இயலாத பிள்ளையை வைத்துக்கொண்டு எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று கம்பெனியில் என்மேல் எல்லோருக்கும் இரக்கம். அதையும் வாங்கிக்கொண்டேன்.

உனக்கு மீசை அரும்பிய வயதில் உன் கால் இழுப்பு அதிகமானது. நான் போக மறுத்ததால், வீட்டுக்கார மருமகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அம்மாவே உன்னைப் பெங்களூர் கூட்டிப்போனாள். மேடம் அவளிடம், எழுத்துப் பலகை ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டிருக்கிறார். அவள் திரும்பி வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "எழுத்து போர்டு செஞ்சு குடுங்க. உங்களால முடியலன்னா நான் காகிதத்துலயே எழுதிக்கறேன்" என்றாள். செய்தேன். மேலே உயிரெழுத்து ஒரு வரிசை, கீழே மெய்யெழுத்து. மெய்யைத் தொட்டு உயிரைத் தொட்டால் எந்த எழுத்தும் கிடைக்கும். கம்பெனியில்கூட நான் அவ்வளவு நேர்த்தியாகக் கோடு போட்டதில்லை. ஒவ்வொரு கோட்டையும் பயந்துகொண்டே போட்டேன்.

அம்மா பலகையை உன் மடியில் வைத்து, "அ எங்க கண்ணு, ம எங்க?" என்று பழையபடி கேட்டாள். நீ ஒவ்வொன்றையும் தொட்டாய். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் துடைத்துவிட்ட தரையை நீ இத்தனை வருஷம் அழியாமல் வைத்திருந்தாய். அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. "இவ்வளவு தெரிஞ்சவன் அன்னிக்கு ஏன் கண்ணு ஸ்கூல்ல பதில் சொல்லல?" என்றாள். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். உன் முஷ்டி எழுத்துகளுக்கு மேலே எழுந்து நின்றது. நீ ப்-ஐத் தொட்டாய். பள்ளிக்கூடம் என்று ஆரம்பிக்கிறாய், பொய் என்று ஆரம்பிக்கிறாய் என்று என் மனம் வழக்கம்போல மிச்சத்தை முடித்துக்கொண்டே போனது. நீ எழுதியது "பசி". அவள் அழுதபடியே சிரித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அதன்பிறகு நீ படித்ததும், பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கப் பழகியதும் அவளால்தான். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினாய். நீ எழுத்தைச் சுட்ட, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதினார். ஒரு தடவை தவறி, மறுதடவை தேறினாய். தங்க இடமும் கொடுத்து இந்த வேலைக்கு உன்னைக் கூப்பிட்டவர் அந்த மேடம்தான். ஒவ்வொரு முறை உன் கை அந்தப் பலகையின்மேல் எழும்போதும் இன்று சொல்லிவிடுவான் என்று நான் காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. மன்னித்துவிட்டாய் போலிருக்கிறது, இல்லையென்றால் மறந்திருப்பாய் என்று எனக்கு வசதியான பதிலை நானே எழுதிக்கொண்டேன். அதிலும் உன்னைக் கேட்கவில்லை.

போன வாரம் அம்மா கடைக்குப் போயிருந்தபோது ஒருவழியாகக் கேட்டேன். "அன்னிக்கு டீச்சர் தெலுங்குல என்னடா கேட்டாங்க?" நீ பலகையை இழுத்துக்கொண்டாய். "வீட்ல யார் சொல்லித் தர்றா" என்று எழுதினாய். இடது மேல் மூலையில் நான் ஒட்டியிருந்த படம் எது என்று எனக்கு நினைவு வந்தது. உன் பதில் என்ன என்று நான் கேட்கவில்லை. ஏன் இத்தனை வருஷம் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ "உங்க கைய நான்" என்று எழுதியபோதே, "ஒடிச்சிருக்கணும்னு சொல்றியா?" என்று குறுக்கே விழுந்தேன். நீ முஷ்டியால் பலகையை ஓங்கித் தட்டினாய். வாயை மூடினேன். திரும்ப முதலிலிருந்து எழுதினாய். "உங்க கைய நான் தள்ளக் கூடாது."

மறுநாள் காலை அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். எல்லாவற்றையும் சொன்னேன். தெலுங்குக் கேள்வி, புத்தகப் படம், மறுநாள் அவளை அழைத்தது, எழுத்துப் பலகையை நான் தடுத்தது, ஏன் தடுத்தேன் என்பது. இடையில் இரண்டு வார்த்தை பூசி மெழுகப் பார்த்தேன், உன்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவள் மிச்சம் இருந்த காயையெல்லாம் உரித்து முடித்தாள். எழுந்து கையைக் கழுவினாள். பலகையைக் கொண்டுவந்து உன் மடியில் வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்தாள். "வீட்ல உனக்கு யாரு கண்ணு சொல்லிக் குடுத்தா?" என்றாள். நீ கையைத் தூக்கினாய். அன்று போலவே முழங்கை ஆடியது. என் கை தானாக எழுந்து உன் பக்கம் வந்தது. "கையக் கீழ வைங்க" என்றாள். வைத்தேன். நீ அ-வைத் தொட்டாய். ம்-ஐத் தொட்டாய். இன்னொரு முறை தொட்டு, ஆ-வுக்குப் போகும் வழியில் கை இரண்டு தடவை நழுவித் திரும்ப வந்தது. அவள் உன் கையைப் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ முடிக்கும்வரை என் கை தரையிலேயே இருந்தது.

அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. பேசும்போது பேசட்டும், நான் காத்திருப்பேன். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு வயது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. நீ அங்கே போனதும் பிள்ளைகளின் கையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அப்பன்களின் கையைப் பார். தாங்குகிறானா, தள்ளுகிறானா என்று பார். தள்ளினால் அவனைத் திட்டாதே, திட்டினால் என்னைப் போலப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். ஓடவிடாதே. அந்த டீச்சர் என்னிடம் சொன்னதை அவனிடம் சொல். வெளியே நிற்கச் சொல், ஆனால் மறுநாள் வரச் சொல். வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பு.

திங்கட்கிழமை பஸ் படியில் நீ கால் வைக்கும்போது, முழங்கையைப் பிடிக்கட்டுமா என்று உன்னிடம் கேட்பேன். கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். நீ பலகையை எடுத்துப் பதில் சொல்லி முடிக்கிறவரை கண்டக்டர் விசில் ஊதினால் ஊதட்டும். அந்த பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ் வரும்.

உன் அப்பா